திரியேஸ்தேயில் இருந்து ஒரே நாளில் லூப்லியானா, பிரெட்யாமா கோட்டை, போஸ்டோய்னா குகை: வயசான அம்மா அப்பாவோடு போகலாமா?

தக்கலைப்பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் தக்கலை. இப்போ இத்தாலியில திரியேஸ்தேயில ஆராய்ச்சி வேலை. ஜூன் மாசம் அப்பாவும் அம்மாவும் முதல் தடவையா என்னைப் பார்க்க வர்றாங்க. இங்க இருந்து ஸ்லோவேனியா எல்லை கூப்பிடு தூரம். வழிகாட்டியோட வேன்ல ஒரு நாள் பயணம் கூட்டிட்டுப் போறாங்க. காலை எட்டு மணிக்குக் கிளம்பி, தலைநகர் லூப்லியானா, பிரெட்யாமா கோட்டை, போஸ்டோய்னா குகை மூணையும் காட்டி ராத்திரி ஏழு மணிக்குத் திரும்ப விடுவாங்களாம்.

அப்பா வரலாற்று வாத்தியாரா இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு யார் வந்தாலும் பத்மநாபபுரம் அரண்மனைக்கு அவரே கூட்டிட்டுப் போய் ஒவ்வொரு தூணுக்கும் கதை சொல்லுவார். கோட்டைன்னு சொன்னதும் அவர் மனசுல ஏற்கெனவே கிளம்பிட்டார். அம்மாவுக்கு முட்டு வலி. படி ஏறுவாங்க, ஆனா பைய ஏறணும், கைப்பிடி வேணும். அம்மாவுக்கு இங்கிலீஷும் தெரியாது.

விசா போதுமா, படி எவ்வளவு இருக்கும், குளிர் தாங்குவாங்களா, மூணு இடத்தையும் ஒரே நாள்ல அடைச்சா அவங்களுக்கு ஏதாவது மனசுல நிக்குமா? போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க.

குளச்சல்மாலுமி எழுதியது:

விசா விஷயம் நான் சொல்றேன் தங்கச்சி. நான் சரக்குக் கப்பல்ல எஞ்சின் பிரிவு. ஸ்லோவேனியாவோட துறைமுகமான கோப்பருக்கு வந்து போறவன்.

ஸ்லோவேனியா 2004ல ஐரோப்பிய ஒன்றியத்துல சேர்ந்தது. 2007 ஜனவரியில யூரோவுக்கு மாறினாங்க, அதே வருஷம் டிசம்பர்ல, ஒரே விசாவுல போய் வரக்கூடிய ஷெங்கன் நாடுகள்ல சேர்ந்தாங்க. அதனால அம்மா அப்பாவுக்கு இத்தாலி கொடுத்த ஷெங்கன் விசா அங்கயும் செல்லும். ஒரு தடவை மட்டும் நுழையுற விசாவா இருந்தாலும் பயப்பட வேண்டாம். இத்தாலியில இருந்து ஸ்லோவேனியா போறது ஷெங்கனை விட்டு வெளிய போறதா கணக்குல வராது. விசாவுக்கு எடுக்கற 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் ஷெங்கன் நாடு எல்லாத்துக்கும் சேர்த்துத்தான்.

ஆனா ஒண்ணு. 2023 அக்டோபர்ல இருந்து இத்தாலி அந்த எல்லையில திரும்பவும் சோதனை வச்சிருக்கு. எல்லா வண்டியையும் நிறுத்த மாட்டாங்க, ஆனா நிறுத்தினா அசல் பாஸ்போர்ட் கையில இருக்கணும். ஜெராக்ஸோ போன்ல படமோ வச்சு சமாளிக்க முடியாது. உங்க குடியிருப்பு அட்டையும் மறக்காதீங்க. திரும்பி வரும்போதுதான் சோதனை, போகும்போது யாரும் கேக்கலன்னு அசட்டையா இருந்துராதீங்க.

மார்த்தாண்டம்நர்ஸ் எழுதியது:

எக்கா, நான் வட இத்தாலியில ஒரு முதியோர் இல்லத்துல வேலை பாக்கேன். என் அம்மையையும் மாமியாரையும் இதே மாதிரி பயணத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு பேரும் எழுபதைத் தாண்டினவங்க. அதனால விரிவாவே சொல்லுகேன் கேட்டியளா.

முதல்ல குகை. இந்த மூணுல அம்மைமாருக்கு ஏத்தது அதுதான். குகைன்னதும் குனிஞ்சு தவழ்ந்து போறதுன்னு நினைப்போம், அப்படி இல்ல. உள்ள ரயில் ஓடுது. 1872லயே தண்டவாளம் போட்டுட்டாங்களாம். ஆரம்பத்துல பெட்டியில ஆளை உக்கார வச்சு வழிகாட்டிகளே கையால தள்ளியிருக்காங்க, இப்போ மின்சார ரயில். கதவு கிடையாது, கூரை கிடையாது, ஒரு வரிசைக்கு ரெண்டு பேர். போகப் போக பாறை தலைக்கு மேல தொட்டுரும் போல கிட்ட வரும். என் மாமியார் ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிஞ்சுட்டே இருந்தாங்க. கையை மட்டும் வெளிய நீட்டக் கூடாது. போக வர சேத்து ரயில்லயே 3.7 கிலோமீட்டர்.

ரயிலை விட்டு இறங்கினா ஒன்றரை கிலோமீட்டர் நடக்கணும். நம்ம சிதறால் மலை மாதிரி இல்ல, சிமென்ட் போட்ட பாதை, கைப்பிடி உண்டு. ஆனா ஏத்தமும் இறக்கமும் இருக்கு. தொடக்கத்துலயே பெரிய மலைன்னு ஒரு ஏத்தம் வரும், அதுதான் முட்டுக்குக் கஷ்டம். இறங்கும்போது கூடுதல் கஷ்டம், முட்டுவலிக்காரங்களுக்குத் தெரியும். கூட்டம் முன்னால போய்ட்டே இருக்கும், வழிகாட்டி நின்னு நின்னு பேசுவார், அந்த இடைவெளியில நாம பிடிச்சிரலாம். ஊன்றுகோல் ஒண்ணு வாங்கிக் கொடுங்க. அம்மா வேண்டாம்னு சொல்லுவாங்க, நீங்க வாங்கிருங்க.

குளிர்: வெளிய ஜூன் வெயில் நம்ம ஊர் மாதிரி அடிக்கும், உள்ள எந்த மாசமும் 8 முதல் 10 டிகிரிதான். ஒன்றரை மணி நேரம் உள்ள இருக்கணும், ரயில் ஓடும்போது காத்து வேற. சேலை கட்டினாலும் காலுக்கு சாக்ஸும் ஷூவும் கட்டாயம், தரை ஈரமா இருக்கும். அம்மைக்கு ஊட்டியில வாங்கின மங்கி குல்லா இருந்துது, அதைப் போட்டுட்டாங்க. அங்க யாரும் யாரையும் பாக்கறதில்ல.

ரயில் ஏறும் முன்னாலயே பாத்ரூம் போய்ட்டு வரச் சொல்லுங்க. நடுவுல திரும்பி வர வழியில்ல.

இனி கோட்டை. அது வேற கதை. 123 மீட்டர் உயரப் பாறை, அதோட நடுவுல குகை வாய்க்குள்ள கட்டினது. வெளிய நின்னு பாக்கும்போது யாருக்கும் வாய் பொளந்து போவும். உள்ள போனா கல்படி, குறுகலா, ஒண்ணு உயரமா ஒண்ணு தாழ்வா, மாடிக்கு மேல மாடி. நான் ரெண்டு பேரையும் வெளியவே உக்கார வச்சேன். கோட்டைக்கு எதிர்த்தாப்புல உக்கார இடம் உண்டு, அங்க இருந்தே முழுசாத் தெரியும். உங்க அம்மாவுக்கும் அதுதான் நல்லது.

லூப்லியானா எங்களுக்குக் கடைசியா வந்துது. ரெண்டு பேரும் சோர்ந்துட்டாங்க. ஒரு பாலம், ஒரு சந்தை, ஒரு ஐஸ்கிரீம், அவ்வளவுதான் அவங்களுக்கு நினைவிருக்கு.

சுசீந்திரம்சிவா எழுதியது:

நர்ஸ் அக்கா கடைசி வரியில சொன்னதுதான் என் வாதமே. ஒரு நாட்டோட தலைநகரத்தை ஒரு ஐஸ்கிரீம் நேரத்துல பார்த்துட்டு வர்றது எனக்குப் பொறுக்கல. நான் லூப்லியானாவுல படிச்சவன், அதனால கொஞ்சம் உரிமையோட பேசுறேன்.

வயசானவங்களுக்கு அந்த மூணுலயும் ரொம்ப சுகமான இடம் நகரம்தான். ஊர் மையத்துல 2007ல இருந்து கார் கிடையாது. ஹாரன் சத்தம் இல்ல, குறுக்க பாயுற பைக் இல்ல. தரை சமமா இருக்கும். நடக்க முடியாதவங்களை ஏத்திட்டுப் போக கவாலீர்னு சின்ன மின்சார வண்டி இருக்கு, காசு வாங்க மாட்டாங்க. கையைக் காட்டினா நிறுத்துவாங்க. மலை மேல இருக்கிற நகரக் கோட்டைக்கும் 2006ல இருந்து இழுவை ரயில் இருக்கு, படியே ஏற வேண்டாம்.

ஊர் நடுச் சதுக்கத்துல நிக்கிறது அரசனோ தளபதியோ இல்ல, பிரெஷெரென்னு ஒரு கவிஞர். 1905ல வச்ச சிலை. அவர் கண் பார்க்கிற திசையில, எதிர்த்த தெருச் சுவர்ல, அவர் காதலிச்சும் கைகூடாத யூலியாவோட உருவம் ஒரு ஜன்னல்ல எட்டிப் பார்க்கிற மாதிரி செதுக்கி வச்சிருக்காங்க. கடல் நடுவுல வள்ளுவருக்குச் சிலை வச்ச ஊர்க்காரங்க நாம, உங்க அப்பாவுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்ல.

சிலைக்கு முன்னாலயே முப்பாலம். பழைய பாலம் ஒண்ணுதான் இருந்துது, நெரிசல் தாங்கல. அதை இடிக்காம, 1929ல இருந்து 1932க்குள்ள ரெண்டு பக்கமும் நடக்கிறவங்களுக்குன்னு ஒவ்வொரு பாலம் சேர்த்தார் யோஷே பிளெச்னிக்ங்கற கட்டடக்கலைஞர். சந்தை, ஆத்தங்கரைப் படித்துறை, நூலகம்னு அந்த ஊரையே தன் கையால திருத்தினவர் அவர். அவரோட லூப்லியானா வேலைகள் 2021ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்துது. இதையெல்லாம் ஒரு மணி நேரத்துல எப்படிக் காட்டுவீங்க?

வழிகாட்டி வேன் வேண்டாம். ஒரு நாள் ரயில்ல லூப்லியானா, இன்னொரு நாள் குகையும் கோட்டையும். இதுதான் என் கருத்து.

தக்கலைப்பொண்ணு எழுதியது:

சிவா, நீங்க சொல்றது மனசுக்குப் பிடிச்சிருக்கு. ஆனா அந்த வாரம் எனக்கு ஒரு நாள்தான் லீவு கிடைக்கும். நான் இல்லாம அவங்களைத் தனியா ரயில்ல அனுப்ப தைரியம் இல்ல.

அப்பாகிட்ட கோட்டைக்கு உள்ள போகலன்னாலும் பரவாயில்லையான்னு கேட்டேன். “பத்மநாபபுரத்துக்கு வந்துட்டு வாசல்ல நின்னு பார்த்துட்டுப் போறவனை நான் என்ன சொல்லுவேன்?”னு திருப்பிக் கேட்கிறார்.

வேளிமலைவாத்தியார் எழுதியது:

அம்மா, உங்கள் அப்பா பக்கம்தான் நான். நானும் அதே தொழிலில் இருந்தவன். கோட்டைக்குள் அவர் போகட்டும், அம்மா வெளியே இருக்கட்டும். ஒரே வேனில் வந்ததற்காக எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

போவதற்கு முன்னால் அந்தக் கதையை இருவருக்கும் தமிழில் சொல்லிவிடுங்கள். அங்கே வழிகாட்டி வேகமாகச் சொல்லும்போது அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.

15ஆம் நூற்றாண்டில் எராஸம் என்று ஒரு பிரபு. பேரரசர் மூன்றாம் பிரெடரிக்குக்கு வேண்டிய ஒரு தளபதியைக் கொன்றுவிட்டு இந்தக் கோட்டையில் வந்து பதுங்கினார் என்பது கதை. பிடித்துவர அனுப்பப்பட்டவர் வேறு யாருமில்லை, நீங்கள் இப்போது குடியிருக்கும் திரியேஸ்தேயின் ஆளுநர் ராவ்பர். படை கோட்டையைச் சுற்றி வளைத்தது. சோறு தண்ணீர் இல்லாமல் தானாக இறங்கி வருவான் என்று காத்திருந்தார்கள். மாதக்கணக்காகியும் இறங்கவில்லை. ஒருநாள் மேலேயிருந்து புதிதாகப் பறித்த செர்ரிப் பழங்களை எராஸம் படைவீரர்கள் மேல் வீசினாராம். கோட்டைக்குப் பின்னால் குகை வழியாக மலையின் மறுபுறம் போக ஒரு ரகசியப் பாதை. அதன் வழியாகத்தான் சாப்பாடு வந்துகொண்டிருந்தது.

கடைசியில் உள்ளே இருந்த வேலைக்காரன் ஒருவன் காசுக்கு விலை போனான். கோட்டையில் சுவர் மெலிந்த இடம் கழிவறை மட்டும்தான். எராஸம் அங்கே போன நேரம் பார்த்து அவன் அடையாளம் காட்ட, பீரங்கிக் குண்டு வந்து விழுந்தது. 1484இல் அவர் கதை முடிந்தது. பக்கத்துத் தேவாலயத்தின் லிண்டன் மரத்தடியில் அவரைப் புதைத்ததாக ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள்.

எதிரிகளான எட்டுவீட்டுப் பிள்ளைமாருக்குத் தப்பி நெய்யாற்றின்கரையில் பலா மரப்பொந்தில் ஒளிந்த திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த மரத்தின் பெயரை, அம்மச்சிப் பிலா என்று சொன்னால் உங்கள் அம்மாவுக்கு உடனே புரியும். அவருக்கு மரம் கைகொடுத்தது, இவருக்கு மலை.

அப்பாவுக்கு மட்டும் ஒரு குறிப்பு: இப்போது நாம் பார்க்கும் முகப்பு எராஸம் வாழ்ந்த கட்டடம் அல்ல. அது 1570 வாக்கில் மறுமலர்ச்சிப் பாணியில் கட்டியது. பழையதின் மிச்சத்தை அவர் உள்ளே, பாறையோடு ஒட்டிய பகுதியில்தான் தேட வேண்டும்.

இன்னொன்றும் அவரிடம் சொல்லுங்கள். திரியேஸ்தே 1918 வரை ஆஸ்திரியப் பேரரசின் துறைமுகம். பிறகு இத்தாலி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1947இல் யாருக்கும் சேராத தனிப்பகுதியாக்கி, 1954இல்தான் நகரத்தை இத்தாலியிடம் ஒப்படைத்தார்கள். போஸ்டோய்னாவோ இரண்டு போர்களுக்கும் இடையில் இத்தாலியின் கையில் இருந்தது. குகை வாசலுக்குப் பக்கத்தில் சுவர் கரிபிடித்திருக்கும். ஜெர்மன் படை அங்கே பதுக்கிய எரிபொருளை 1944இல் ஸ்லோவேனிய விடுதலைப் படையினர் கொளுத்தியதன் அடையாளம் அது. ரயிலில் போகும்போது பார்க்கச் சொல்லுங்கள். திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்து 1956 நவம்பர் 1இல் பிரிந்து, இன்று தமிழ்நாடு எனப்படும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்த மாவட்டத்துக்காரருக்கு, இரண்டு பக்கமும் ஒரே சனம் இருக்க நடுவில் கோடு மாறி மாறி விழுவது என்னவென்று தெரியும். கேரள எல்லையான களியக்காவிளையில் நின்று பார்த்தவருக்கு அந்த எல்லை அந்நியமாகத் தோன்றாது.

ஆரல்வாய்காற்று எழுதியது:

நான் புவியியல் படிச்சவன். எல்லாரும் மூணு இடம், மூணு இடம்னு பேசுறீங்க. அதுல குகையிலயும் நகரத்துலயும் ஓடுறது ஒரே ஆறு.

பிவ்கான்னு ஒரு ஆறு போஸ்டோய்னா குகைக்குள்ள போய் மறையுது. அந்தக் குகையைக் குடைஞ்சதே அதுதான். அப்புறம் வேற இடத்துல உனிட்சான்னு வேற பேர்ல வெளிய வருது. திரும்பவும் மண்ணுக்குள்ள போகுது. கடைசியா லூப்லியானிட்சாங்கற பேர்ல வெளிய வந்து, சிவா சொன்ன அந்த முப்பாலத்துக்கு அடியில ஓடுது. ஏழு பேர் உள்ள ஆறுன்னு அந்த ஊர்க்காரங்க சொல்லுவாங்க. காலையில குகையில பார்த்த ஆத்தை சாயங்காலம் நகரத்துல பாலத்துல நின்னு பார்க்கலாம். அதனால குகை முதல்ல, நகரம் கடைசியிலங்கற வரிசைதான் சரி. வழிகாட்டி சொல்லலன்னா நீங்களே அம்மா அப்பாவுக்குச் சொல்லுங்க.

இப்படி நம்ம மாவட்டத்துல ஏன் இல்லன்னு அப்பா கேப்பார். நம்ம மலை சார்னோக்கைட், நைஸ் மாதிரி இறுகின பாறை. மழைத்தண்ணி அதைக் கரைக்காது. அதனாலதான் திருநந்திக்கரையில குகைக் கோயிலை உளி வச்சுக் குடைய வேண்டியிருந்துது. அங்க இருக்கிறது சுண்ணாம்புப் பாறை. மழைத்தண்ணி காத்துலயும் மண்ணுலயும் இருக்கிற கரியமில வாயுவைச் சேர்த்துட்டு லேசான அமிலமா மாறி, விரிசல்ல இறங்கிப் பாறையைக் கரைக்குது. குகைக்குள்ள சொட்டும்போது வாயு பிரிஞ்சு போய், கரைஞ்ச சுண்ணாம்பு கொஞ்சம் அங்கயே படியுது. மேல இருந்து தொங்குறதும், தரையில இருந்து எழும்புறதும் அப்படி வளர்ந்ததுதான். நூறு வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுன்னு வச்சுக்கோங்க. உள்ள வெள்ளைவெளேர்னு அஞ்சு மீட்டர் உயரத்துக்கு ஒரு தூண் நிக்குது, பிரில்லியன்ட்னு பேர். அதுக்கு எவ்வளவு காலம் ஆகியிருக்கும்னு அப்பாவே கணக்குப் போடட்டும். கையால தொடக் கூடாது, நம்ம விரல் எண்ணெய் பட்டா அந்த இடத்துல படிவு ஒழுங்கா வளராது.

கடைசியில ஒரு தொட்டியில புரோட்டியஸ்னு ஒரு உயிரி இருக்கும். வெளிறின இளஞ்சிவப்பு நிறம், ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம், கண் தெரியாது, கழுத்துப் பக்கம் செவுள் வெளிய சிவப்பா விரிஞ்சு நிக்கும். வருஷக்கணக்கா சாப்பிடாம இருக்கும், நூறு வயசு வரைக்கும் வாழலாம்னு சொல்றாங்க. 2016ல அங்க வச்சே முட்டை பொரிச்சு குஞ்சு வந்துது, அது உலகச் செய்தி. பிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீங்க, அதுக்கு ஆகாது.

கருங்கல்காரன் எழுதியது:

எல்லையே தாண்ட வேண்டாமே. திரியேஸ்தே பக்கத்துலயே இத்தாலிக்குள்ள பெரிய குகை ஒண்ணு இருக்கே, குரோத்தா ஜிகாந்தே. பஸ்லயே போயிரலாம்.

மார்த்தாண்டம்நர்ஸ் எழுதியது:

ஐயோ, முட்டுவலிக்கு அது வேண்டவே வேண்டாம். ஐநூறு படி இறங்கி ஐநூறு படி ஏறணும். ஸ்லோவேனியாவுல இருக்கிற ஷ்கோட்சியான் குகையும் அப்படித்தான், ஆத்துக்கு மேல நாப்பத்தஞ்சு மீட்டர் உயரத்துல பாலம், பாக்க அருமையா இருக்கும், 1986லயே யுனெஸ்கோவுல சேத்துட்டாங்க. ஆனா படி நூத்துக்கணக்கு. அதை எக்கா தனியா இன்னொரு நாள் போய்ப் பாக்கட்டும். அம்மாவுக்கு ரயில் ஓடுற குகைதான்.

சிவா தம்பிக்கும் ஒரு பதில். ரயில்ல போலாம்னு நீங்க சொல்லுகது உங்க வயசுக்குச் சரி. ரெண்டு வயசானவங்க கூட இருக்கும்போது வேன் வாசல்ல வந்து நிக்கறது பெரிய விஷயம். மாத்திரைப் பை, தண்ணி, மாத்துத் துணி எல்லாம் வண்டியிலயே கிடக்கும். அம்மைக்குத் தலை சுத்துனப்போ சீட்டைச் சாச்சுப் படுக்க வச்சேன். ரயில் நிலையத்துல அதுக்கு எங்க போவேன்?

சுசீந்திரம்சிவா எழுதியது:

அக்கா சொல்றது நியாயம், வேன் இருக்கட்டும். ஆனா பொது வேன்ல ஏற வேண்டாம். எட்டு பேர் சேர்ந்த குழுவுல அம்மா பைய நடந்தா மத்தவங்க கடிகாரத்தைப் பார்ப்பாங்க, அது அம்மாவுக்குத்தான் சங்கடம். மூணு பேருக்குத் தனி வண்டியும் வழிகாட்டியும் கேளுங்க. விலை கூடும், ஆனா வரிசையையும் நேரத்தையும் நீங்க வைக்கலாம். கேட்கும்போது ரெண்டு விஷயத்தை எழுத்துல வாங்குங்க: குகைக்கும் கோட்டைக்கும் நுழைவுச்சீட்டு அந்தத் தொகைக்குள்ள வருதா, குகைக்கு எத்தனை மணி ரயில்ல பதிவு பண்ணுவாங்க. ரெண்டுக்கும் சேர்த்து ஒரே சீட்டு விக்கிறாங்க. நிறைய பேர் வேன் காசு கட்டிட்டு, அங்க போய்த்தான் சீட்டு தனின்னு தெரிஞ்சுக்கிறாங்க.

நகரத்துக்கு மூணு மணி நேரம் ஒதுக்குங்க. அதுக்குக் கீழ நான் இறங்கி வர மாட்டேன்.

தக்கலைப்பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தனி வண்டியே கேட்டுட்டேன். காலையில நேரா குகை. அப்புறம் பிரெட்யாமா, அங்க இருந்து ஒன்பது கிலோமீட்டர்தானாம். அப்பாவை வழிகாட்டி உள்ள கூட்டிட்டுப் போவார், நானும் அம்மாவும் வெளிய இருப்போம். மதியத்துக்கு அப்புறம் லூப்லியானா, மூணு மணி நேரம். நுழைவுச்சீட்டு உள்ளடக்கம்னு மின்னஞ்சல்ல எழுதி வாங்கிட்டேன்.

சாப்பாடுதான் இப்போ கவலை. அம்மா வெள்ளிக்கிழமை சைவம், நாங்க போறது வெள்ளி.

மார்த்தாண்டம்நர்ஸ் எழுதியது:

வெள்ளின்னா லூப்லியானா சந்தைப் பக்கம் திறந்தவெளியில சமையல்காரங்க எல்லாம் வந்து கடை போடுவாங்க, மழை இல்லன்னா. கண் முன்னால செய்யறதால என்ன போடுறாங்கன்னு பாத்து வாங்கலாம். பாலாடைக்கட்டி வச்ச ஷ்ட்ருக்ளி அம்மாவுக்குப் பிடிக்கும், கொழுக்கட்டை மாதிரி அவிச்சது, காரம் இல்ல. இறைச்சி இல்லையான்னு கேட்டே வாங்குங்க. மதியத்துக்கு புளிசாதமும் நேந்திரங்காய் சிப்ஸும் கட்டிருங்க, வேன்ல சாப்பிடலாமான்னு மட்டும் ஓட்டுநர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

தக்கலைப்பொண்ணு எழுதியது:

வாத்தியார் ஐயா, உங்க பதிவை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். ஒரே கேள்விதான் கேட்டார். எராஸமுக்கு சாப்பாடு வந்த அந்தப் பாதைக்குள்ள இப்போ போக முடியுமா?

வேளிமலைவாத்தியார் எழுதியது:

அந்தப் பாதைக்குள்ளேயே போக முடியுமா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. ஆனால் கோட்டைக்கு அடியில் இருக்கும் குகைக்கு மே முதல் செப்டம்பர் வரை தனி வழிகாட்டியோடு கூட்டிப் போகிறார்கள். குளிர்காலத்தில் வௌவால்கள் அங்கே உறங்கும், அப்போது மூடிவிடுவார்கள். ஜூனில் திறந்திருக்கும். ஆனால் அங்கே ரயிலும் இல்லை, சிமென்ட் பாதையும் இல்லை, விளக்கும் கிடையாது. தலையில் விளக்கு மாட்டி, சேற்றில் நடக்க வேண்டும். அவர் கால் எப்படி இருக்கிறது?

தக்கலைப்பொண்ணு எழுதியது:

தினமும் காலையில குமாரகோயில் வரைக்கும் நடந்து போய் வேளிமலை முருகனைக் கும்பிட்டு வர்றவர். போவார் ஐயா. அந்த குழு எத்தனை மணிக்குன்னு கேட்டு இப்பவே எழுதுறேன்.